முழுக்க நீலம்

உங்கள் மின்விசிறி ஆடுகிறது, மேடம். பயப்படாதீர்கள். ஆட்டம் இறக்கையில்தான் இருக்கிறது, கொக்கியில் இல்லை, விழாது. நான் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டது, காற்று நேராகத் தலையில் அடித்தால் எனக்குச் சளி பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. டீ நன்றாக இருக்கிறது. இஞ்சி கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குறை சொல்ல மாட்டேன்.

பக்கத்து அறையில் கந்தசாமி அண்ணன் கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். சாயப்பட்டறை அவருடையது என்பதால் அழைத்து வந்திருக்கிறீர்கள். அது உங்கள் முறை, புரிகிறது. ஆனால் அங்கே கலனை ஓட்டிய சிவகுமார் நீராவி வெளியேறும் வால்வைத் திறக்க மறந்துவிட்டார், அதனால்தான் அது வெடித்தது என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதாக வெளியே பேசிக்கொள்கிறார்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செத்துப்போனவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. வால்வு திறந்துதான் இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் நானே நடந்து வந்தேன்.

என் பெயர் ஆதீஷ். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். இப்போது இங்கே ஆரணியில் சூரியகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் என் தங்கை அக்ஷயாவும் இருக்கிறோம். அப்பா சாந்திநாதன் இன்னும் ஊரில்தான். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சாப்பிட மாட்டார். தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு, துணியில் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது தங்கியிருந்தால் சாகக் கூடாது என்று அதைத் திரும்பவும் அதே கிணற்றுத் தண்ணீரிலேயே அலசி விடுவார். எனக்கும் அந்தப் பழக்கம்தான். அதனால்தான் உங்கள் ஏட்டிடம் இருட்டுவதற்குள் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கந்தசாமி அண்ணன் பட்டறையில் அக்ஷயா பில் போடும் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "பட்டுன்னா புழுவ உயிரோட வேகவெச்சு எடுக்கறது. அந்தப் பாவத்துல நமக்கு எதுக்குப் பங்கு?" என்றார். நான்தான் சமாதானம் சொன்னேன். ஆரணிக்கு வரும்போது நூலாகத்தானே வருகிறது, புழுவை யாரோ எங்கோ கொன்றுவிட்டார்கள், இவள் வெறும் பில்தானே போடுகிறாள் என்றேன்.

என் தொழில் என்னவென்று கேட்டீர்கள். ஒரு பொருள் எங்கே உடையும் என்று அது உடைவதற்கு முன்பே கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது. முழுப் பொருளையும் ஒரே மூச்சில் கணக்குப் போட முடியாது. அதனால் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகச் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் மறுபடி கோத்துத் தீர்ப்போம். இதைச் சிவகுமாரிடம் சொன்னபோது, "பார்டருக்கு கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா டிசைன் போடற மாதிரிங்களா சார்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஆனால் சேலைக் கட்டங்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கும். என் கட்டங்கள் பக்கத்துக் கட்டத்தை இழுக்கும், தள்ளும், சூடாக்கும்.

என் கணக்கில் சிக்கல் எங்கே என்றால், ஒன்றைத் தனியாகத் தீர்க்க முடியாது. தண்ணீர் சூட்டைக் கொண்டுபோகிறது. சூடு எஃகை விரிக்கிறது. விரிந்த எஃகு பற்றவைத்த இடத்தில் போய் இழுக்கிறது. இழுத்த இடத்தில் ஒரு கீறல் வாய் திறந்தால் தண்ணீர் அதற்குள்ளும் போகிறது, உடனே சூடு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இதில் ஒன்றை விட்டாலும் மற்றவை பொய் சொல்லும். போதாததற்கு, கலன் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. கீறலோ பட்டு இழையைவிட மெல்லியது. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைக்கப் பார்த்தால் எந்தக் கணினியும் மூச்சுத் திணறிப் படுத்துவிடும். அதனால் நான் பெரிய கணக்கு ஒன்று, சின்னக் கணக்கு ஒன்று என்று இரண்டாகப் போட்டேன். நான் இவ்வளவு இழுக்கிறேன் என்று பெரியது சொல்லும். அப்படியானால் நான் இவ்வளவு தளர்ந்தேன் என்று சின்னது திருப்பிச் சொல்லும். இருவரும் ஒத்துப்போகும்வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பேச்சுவார்த்தையை எழுதி முடிக்க என் இளமையில் பாதி போய்விட்டது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அது ஓர் அழகான வேலை.

அதைத் தூக்கிக்கொண்டு சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனேன். எதிரே உட்கார்ந்தவர் என் படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே, "எல்லாம் சூப்பரா இருக்குங்க. ஆனா நீங்க சொன்ன மாதிரி எங்கயாவது ஏதாவது ஒடைஞ்சிருக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. வெளிநாட்டு ஆய்வு இதழ் ஒன்றும் இதே கேள்வியைக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டுத் திருப்பி அனுப்பியது. சோதித்துக் காட்டாத கணக்கு வெறும் கற்பனை என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். எனக்குத்தான் உடைத்துக் காட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று.

அந்த நேரத்தில்தான் கந்தசாமி அண்ணன் ஒரு பழைய அழுத்தக் கலனை எங்கிருந்தோ வாங்கி வந்தார். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் அதன் மேலிருக்கும் பசையை எடுக்க வேண்டும். சோப்பும் சோடாவும் போட்டு அண்டாவில் வேகவைப்பது வழக்கம். மூடிய கலனில் அழுத்தத்தோடு வெந்நீர் கொடுத்தால் சோப்பே வேண்டாம், வேலையும் ஜல்தியாக முடியும். பட்டறையில் எல்லோரும் அதற்குக் 'குக்கர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டறையில் இருந்த நீராவிக் குழாயோடு பொருந்துவதற்காக அதன் தோள்பட்டையில் ஒரு புதுக் குழாயைப் பற்றவைத்திருந்தார்கள். முறைப்படி ஆய்வுக்கு விடுவதற்கு முன் அக்ஷயாவின் அண்ணன் ஒரு பார்வை பார்க்கட்டுமே என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அளவெடுத்து வந்து கணக்குப் போட்டேன். எங்கள் படங்களில் இழுவை குறைந்த இடம் நீலம், மிகுந்த இடம் சிவப்பு. கலன் முழுக்க நீலமும் பச்சையுமாக இருக்க, புதுக் குழாயின் கழுத்தில் மட்டும் சிவப்பு திட்டாக நின்றது.

"இன்னா தம்பி, கழுத்தாண்ட மட்டும் ரத்தமா கொட்டியிருக்குது?" என்றார் கந்தசாமி அண்ணன்.

அது பற்றவைத்த மூலை, அங்கே இழுவை ஜாஸ்தியாகத் தெரியும் என்றேன்.

"எனுக்கு இந்தக் கணக்கெல்லாம் பேஜாருங்க. ஓட்டலாமா, வேணாவா? நீங்க வேணான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே ஓரங்கட்டிடறேன். பழையபடி அண்டாவுல வேகவெச்சிக்கறோம். பொம்பளைங்க பொகையில கண்ணக் கசக்கிகினு நிப்பாங்க, அவ்ளோதானே? உசுருக்கு மேலயா நமக்கு வேல?"

இரண்டு நாள் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பப் போனபோது படம் முழுக்க நீலமாக இருந்தது. ஓட்டலாம் என்றேன்.

நீங்கள் இதை மோசடி என்று எழுதக் கூடாது, மேடம். நான் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. படத்தின் ஓரத்தில் எந்த அளவுக்கு எந்த நிறம் என்று காட்டும் ஒரு பட்டை இருக்கும். அதன் மேல் எல்லையை நாம் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். நான் அதைக் கொஞ்சம் உயர்த்தினேன். உயர்த்தியதும் சிவப்பாக இருந்தது நீலமாகிவிட்டது. எண்கள் அப்படியே அந்தப் பட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தன. படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். கூரான மூலையில் வரும் சிவப்பைக் கணக்கின் கோளாறு என்று ஒதுக்கிவிடுவதும் எங்கள் தொழிலில் சகஜம்தான். கட்டத்தைச் சின்னதாக்க ஆக்க அது ஏறிக்கொண்டே போகும், அதற்கு முடிவே கிடையாது.

அந்த இரண்டு நாளில் நான் என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சின்னக் கணக்கை ஓட்டினேன். மூலையில் வந்த சிவப்பு கோளாறா, நிஜமா என்று அதுதான் சொல்லும். நிஜம் என்று சொல்லிற்று. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கழுத்தின் உட்பக்கம் ஒரு கீறல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். ஆவணி முகூர்த்த வேலை முடிவதற்குள் குழாயோடு சேர்த்துத் தோள்பட்டை பிய்ந்துவிடும். எந்தப் பக்கமிருந்து பிய்ந்துகொண்டு போகும் என்றுகூட அதில் இருந்தது. நூல் காயப்போடும் கழிகள் இருக்கும் பக்கம்.

என் நிலைமையில் நின்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் கந்தசாமி அண்ணன் அன்றைக்கே நிறுத்திவிடுவார். நிறுத்திய கலன் உடையாது. உடையாத கலனைக் காட்டி, இது இன்ன மாதிரி உடைந்திருக்கும் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? மறுபடியும் யாராவது சிரித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்பார்கள். இப்படி ஒரு கலன் ஒருவனுக்கு வாழ்நாளில் ஒரு முறை வாய்ப்பதே அதிசயம். நான் தேடிப் போகவில்லை. அதுவாக என் தங்கை வழியாக என் வாசலுக்கு வந்தது. என் கையில் ஒன்றுமே இல்லை என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது. பாரமும் சூடும் கொடுத்துவிட்டால், பிறகு நடப்பது நடக்கும். கணக்குப் போடுகிறவன் அருகில் நின்று பார்க்க முடியுமே தவிர வேறென்ன செய்ய முடியும்?

சாயக்காரர்கள் வாய்ப்பேச்சை நம்ப மாட்டார்கள், நிறத்தை நம்புவார்கள். நூலை வெயிலில் நீட்டிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தால், சாயம் நிற்குமா போகுமா என்று சொல்லிவிடுவார்கள். அதனால் என் படம் அவர்களுக்குப் பிடித்துப்போனது. கந்தசாமி அண்ணன் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, குக்கருக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார். வெள்ளிக்கிழமை பட்டறையில் சூடம் காட்டும்போது யாரோ அதன் மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பூங்காவனம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூல் அலசிக் காயப்போடுகிறவர். குக்கர் வந்த நாளிலிருந்து அதன் பக்கமே போக மாட்டார். ஈர நூலைத் தூக்கிக்கொண்டு, தூரத்துக் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். மற்றவர்கள் கேலி செய்வார்கள். படம் ஒட்டிய அன்று அதன் முன்னால் வந்து நெடுநேரம் நின்றார். கைகளில் முழங்கை வரை அரக்குச் சாயம். படத்தில் பட்டுவிடக் கூடாது என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீலமா இருந்தா ஆறிகினு இருக்குதுன்னுதானே தம்பி அர்த்தம்?"

"ஆமாங்கக்கா."

"ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆகாதுங்கக்கா."

மறுநாளிலிருந்து அவர் குக்கரை ஒட்டியே உட்கார ஆரம்பித்தார். அங்கே வெதுவெதுப்பாக இருந்தது. நாளெல்லாம் தண்ணீரில் நின்றதால் அவருக்கு முழங்கால் வலி. காயப்போடும் கழிகளில் இரண்டைக் குக்கருக்கு இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டார். அதை நான் பார்த்தேன். மனம் சங்கடப்பட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் நகர்ந்து உட்காருங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் கலன் நின்றுவிடும். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைபட்டே இருந்தது.

கழுத்தில் நான் ஒட்டிய உணரியை உங்கள் ஆட்கள் பொறுக்கி எடுத்திருப்பார்கள். நகத்தளவு மெல்லிய தகடு. எஃகு எவ்வளவு இழுபடுகிறது என்று அது ஒரு கம்பி வழியாகச் சொல்லும், அதுவும் கலனின் அழுத்த அளவும் என் கைபேசிக்கு வரும். பாதுகாப்புக்காக என்று சிவகுமாரிடம் சொன்னேன். அவர் எனக்கு எவ்வளவோ நன்றி சொன்னார். அவர் அப்படிப்பட்ட ஆள், மேடம், தேசூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர், ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. கம்பி நனையக் கூடாது என்று தானே ஒரு பிளாஸ்டிக் உறை தைத்து மாட்டினார். "நீங்க வீட்டுல இருந்துகினே எங்களப் பாத்துக்கறீங்க சார். எனுக்கு இப்பதான் நிம்மதியா தூக்கம் வருது," என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முகூர்த்த வேலை சூடுபிடித்ததும் குக்கர் ஓய்வில்லாமல் ஓடியது. உணரி காட்டிய கோடும் என் கணக்கு போட்ட கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. இது எப்படிப்பட்ட உணர்வு என்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உலகம் முழுக்க யாரும் நம்பாத ஒன்றை, ஆரணியில் ஒரு பழைய குக்கர் வரிக்கு வரி ஒப்புக்கொண்டிருந்தது. சில நாள் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்கவில்லை. சிவகுமாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று கைபேசியை எடுப்பேன். எடுத்ததும் அதே திரையில் அந்தக் கோடு இருக்கும், அதைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும்.

வெடித்த அன்று காலை கோடு சட்டென்று நிமிர்ந்தது. அழுத்தம் வழக்கமான அளவிலேயே இருந்தது, வால்வு மூடியிருந்தால் அது ஏறியிருக்கும். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கோடு அறுந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது. தெருவில் நாய்கள் குரைத்தன, கீழ்வீட்டில் தறி நின்றது. நான் முதலில் அந்தக் கோப்பை இரண்டு இடத்தில் சேமித்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

நான் போனபோது ஆவி இன்னும் அடங்கவில்லை. சிவகுமாரை ஒரு விரிப்பில் கிடத்தி, மேலே துணி போட்டிருந்தார்கள். பூங்காவனம் அக்காவுக்கு உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ் வேலூர் போய்ச் சேருவதற்குள் போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள். எதிர்ச் சுவரில் படம் ஈரத்தில் நனைந்து தொங்கியது. நான் போய்க் கழுத்தைப் பார்த்தேன். உட்பக்கத்திலிருந்துதான் கிழிந்திருந்தது. பக்கமும் அதே பக்கம். நான் குறித்த இடத்துக்கும் அதற்கும் ஒரு விரற்கடை வித்தியாசம். அங்கே கட்டங்களை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது புரிகிறதா, ஏன் சிவகுமார் மேல் பழி போடக் கூடாது என்கிறேன் என்று? வால்வு மூடியிருந்தது என்று நீங்கள் எழுதினால், அழுத்தம் ஏறித்தான் கலன் உடைந்தது என்று ஆகிவிடும். அப்படியானால் என் கணக்கு பொய். இரண்டு உயிர் போயிருக்கிறது. அது வீணாகப் போனதாக ஆகிவிடக் கூடாது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். குக்கர் உடையும் என்று நான் நம்பியிருந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். கணக்கு சொன்னது, நான் நம்பவில்லை. எத்தனையோ கணக்கு பொய்த்துப் போயிருக்கிறது. மனதார நம்பியிருந்தால் நான் வாய் திறக்காமல் இருந்திருப்பேனா? எறும்பு மிதிபட்டால்கூட எனக்கு மனம் பதறும், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நீங்களும் நாற்காலியை நகர்த்திவிட்டீர்களே, மேடம். பரவாயில்லை, நகர்த்திக்கொள்ளுங்கள். விழாது என்று நான் சொன்னாலும், தலைக்கு மேல் ஆடுவது ஆடிக்கொண்டுதானே இருக்கிறது.

என்ன கேட்டீர்கள்? அக்ஷயாவா?

அவள் வெடிப்புக்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. அப்பாவிடம் போய்விட்டாள். அவளுடைய மேசை குக்கருக்குப் பத்தடி தள்ளித்தான் இருந்தது. உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள், அந்த மேசை இப்போது இல்லை. அன்று காலை அவள் டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வேலைக்குப் போகாதே என்றேன். "ஏன்ணா?" என்று கேட்டாள். மழை வரும் என்றேன். அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். வானம் முழுக்க நீலமாக இருந்தது.